மேட்டில் ஏறிய பியானோ

— அண்ணா, பியானோவ அப்படிக் கட்டிப் புடிச்சிக்கினா முழுவாமத் தப்பிச்சிடுவியா? படகு கவுந்தா உனக்கு முன்னாடி அதுதான் அடிக்குப் போவும்.

— சிரிக்காத மணியம்மா. நீ இந்த ஏரில பொறந்தவ. நான் பொன்னேரிக்காரன், கெணத்தக்கூட எட்டி நின்னு பாக்கறவன். ரெண்டு படகச் சேத்துக் கட்டி, குறுக்க பலகை போட்டு, அதுக்கு மேல ஒரு பியானோவ நிக்க வெச்சுப் போறோமே, இது அடுக்குமா? ஏசப்பா, ஆடுது பாரு!

— யோவ் சாலமோன் வாத்தியாரே, படகுன்னா ஆடத்தான் செய்யும். ஆடாம வரணும்னா நீ லாரிலயே குந்தினு இருக்கணும்.

— லாரி போற மாதிரி உங்க குப்பத்துக்கு ஒரு ரோடு இருந்தா நான் ஏங்க இங்க வரேன் அப்பாவு? கும்மிடிப்பூண்டிலருந்து பழவேற்காடு வரைக்கும் சொகமா வந்தேன். அதுக்கப்புறம்தான் இந்தக் கண்றாவி.

— கண்றாவியா? இந்த ஏரிய அப்பாவு கண்ண மூடிக்கினே தாண்டுவான் தெரியுமா? எங்க முட்டியளவு, எங்க கழுத்தளவு, எங்க மேடு, எங்க மடுவு... இந்தக் கழிய ஒரு குத்து குத்தினா போதும், எல்லாம் சொல்லிடும்.

— கண்ண மூட வேணாங்க. தொறந்துக்கிட்டே போங்க.

— பயப்படாத அண்ணா. எங்க மாமா பேச்சுதான் பெருசு. ஆனா ஒரு நாளும் படகத் தரை தட்ட வுட்டதில்ல. எங்க அம்மாவே சொல்லும், என் தம்பி வேற எதுக்கும் ஒதவ மாட்டான், படகுக்கு மட்டும் ஒதவுவான்னு.

— பாத்தியா வாத்தியாரே? கூடப் பொறந்த அக்கா குடுக்கற சர்ட்டிபிகேட்டு! அது கெடக்கட்டும், எனக்கு ஒண்ணு சொல்லு. இந்தப் பொட்டிய ஏத்தறதுக்குள்ள எங்க பசங்களுக்கு இடுப்பு கழண்டு போச்சு. அருணகிரி கோஷ்டி ஆளுங்க பாங்கோஸு, அக்கார்டியன், மைக்கு செட்டு எல்லாத்தையும் ஒரே படகுல போட்டுக்கினு மத்தியானமே போய்ட்டானுங்க. நீயும் சின்னதா ஒரு ஆர்மோனியம் எடுத்தாந்தா இன்னா?

— ஆர்மோனியம் வேற, இது வேறங்க. ஆர்மோனியம் பாடறவங்க பின்னாடியே வரும். பியானோ பக்கத்துல கூட நடந்து வரும்.

— யாரு, இதுவா பக்கத்துல நடக்குது? மாமா, நீ கேட்டதில்ல. நான் முதல் அடியப் பாடி முடிக்கறதுக்குள்ள இவுரு விரலு ரெண்டாவது அடிக்கு ஓடிப் போய் நின்னுக்கினு, இன்னும் மணிய காணோமேன்னு திரும்பிப் பாக்கும்.

— அது நீ மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கறதால! அந்த எடம் காலியா இருக்கேன்னு நான் வாசிக்கறேன்.

— காலியா இருந்தா இருந்துட்டுப் போவட்டுமே அண்ணா! காலி மனை பாத்தா உடனே ஊடு கட்டணுமா? மேரி அண்ணி பேசறப்பவும் இப்படித்தான் நடுவுல பூந்துடுவியா?

— மேரி எங்க எனக்கு எடம் குடுக்கறா? ஊட்டுல குடுக்காத எடத்தத்தான் மேடையில புடிச்சுக்கறேன்.

— அப்படி சொல்லு வாத்தியாரே! இப்பதான் நீ நம்ம ஆளு.

— இல்லீங்க, நெசமா சொல்றேன். கோஷ்டியோட வாசிக்கறப்ப நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது. அருணகிரி பாங்கோஸ உருட்டுவாரு, அக்கார்டியன் ஒரு பக்கம் இழுக்கும், கிடாரு ஒரு பக்கம். மணி அதுக்கெல்லாம் மேல கத்தணும். நல்ல கொரல அப்படிக் கத்த வெச்சா ஒரு நாள் உடைஞ்சு போயிடும். வெறும் பியானோ, வெறும் பாட்டு, ரெண்டே ரெண்டு. அதுலதான் இவ யாருன்னு தெரியும். இன்னிக்கு ராத்திரி கச்சேரி நடுவுல அப்படி ஒரே ஒரு பாட்டு. அதுக்காகத்தான் இந்தப் பொட்டியச் சுமந்துக்கிட்டு வரேன்.

— அக்காங், அந்த ஒரே ஒரு பாட்டுல நான் செத்தேன். பாங்கோஸ் கூட இருந்தா நான் தப்புப் பண்ணா அது ஓரமா மறஞ்சு போவும். இவுரு மட்டும் வாசிச்சா நான் எச்சி முழுங்கறதுகூடக் கேக்குது. மாத்திரை கம்பெனில பேக்கிங் பண்றப்ப அத்தினி பொண்ணுங்க நடுவுல நெஞ்ச நிமித்திக்கினு பாடிடுவேன். இதுல கால் நடுங்குது மாமா.

— நடுங்கட்டும். ஏ புள்ள, அப்படி நடுங்கிக்கினு பாடப் போற பாட்டு இன்னா பாட்டு? சினிமா பாட்டா?

— சொல்ல மாட்டேன்.

— நான் சொல்றேங்க. இவங்க அப்பா பரசுராமன் வலை இழுக்கறப்ப பாடற பாட்டு.

— அண்ணா! வாயில தண்ணி நிக்காதா உனக்கு?

— அடிப்பாவி! எங்க மாமா, உன் நைனா பாட்டையா? அவரு பாட்டு எந்த ஊரு மேடையிலும் யாரும் பாடுனதில்லயே. அதுக்கு முழுசா வரிகூடக் கெடையாதே.

— அதான் மாமா பேஜாரு. நாலு அடி பாட்டு. நைனா மொத ரெண்டு அடிய சத்தமாப் பாடும். நாலாவது அடிய அதவிட சத்தமாப் பாடும். மூணாவது அடி வந்தா மட்டும் வாய மூடிக்கினு உதட்டுக்குள்ளயே முணுமுணுத்துக்கும். சின்ன வயசுலருந்து கேட்டுக்கினு கீறேன், ஒரு வார்த்த புரிஞ்சதில்ல. நீ அவரு கூடவே படகுல போவியே, உனக்குத் தெரியுமா?

— எனக்கு இன்னா தெரியும்? வலை இழுக்கற நேரத்துல மீனப் பாப்பனா, மாமா வாயப் பாப்பனா?

— அந்த மூணாவது அடியிலதாங்க எங்களுக்கு சண்டை. நான் என்ன சொல்றேன், அங்க வார்த்தை இல்ல, அதனால பியானோ மட்டும் வரட்டும். விரல் பூரா ஓட விட்டு ஒரு ஜோர் ஜோர்...

— நான் இன்னா சொல்றேன், நானே ஒரு அடி கட்டிப் பாடிக்கறேன். எங்க நைனா பாட்டு, நான் ஒட்டுப் போடக்கூடாதா? இவுரு உடமாட்டேங்கறாரு.

— நீ கட்டுனதப் பாடிக் காட்டு பாப்போம். "வானத்து நிலாவே, வெள்ளிக் கிண்ணமே"ன்னு வருது அப்பாவு! வலை இழுக்கற மனுசன் வெள்ளிக் கிண்ணத்துக்கு எங்க போவாரு?

— ஹா! ஹா! அலுமினியத் தட்டுன்னு மாத்திக்க புள்ள.

— சிரிங்க, ரெண்டு பேரும் நல்லா சிரிங்க. ... மாமா.

— இன்னா?

— நைனா வருமா?

— எங்க?

— எங்கன்னா? கச்சேரிக்கு. தெரியாத மாதிரி கேக்குது பாரு.

— இன்னிக்கு வலை போடற முறை அவருது புள்ள. வடக்கால கட்டியிருக்காரு. முறைய வுட்டா மறுபடி சுத்தி வர எத்தினி நாளு ஆவும்னு உனக்குத் தெரியாதா?

— திருவிழா அன்னிக்குமா? ஊரே அம்மன் கோயில்ல கீது, நைனாவுக்கு மட்டும் வலையா?

— மன்னிச்சுக்கங்க, எனக்குப் புரியல. மக ஊருக்கு வந்து பாடறா. ஒரு நாள் வலைய வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு வந்தா என்ன?

— வாத்தியாரே, உனக்கு முழுக்கதை தெரியாது. இவ கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டுல அந்த மாத்திரை கம்பெனி வேலைக்குச் சேந்தா. அது வரைக்கும் மாமா ஒண்ணும் சொல்லல. அப்புறம் அருணகிரி கோஷ்டில மேடை ஏறிப் பாடறான்னு சேதி வந்துச்சு. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுனானுங்க. மாமாவுக்கு ரோசம் பொத்துக்கினு வந்துச்சு. நேரா அம்மன் கோயிலுக்குப் போனாரு, எல்லாரும் பாக்கறப்ப உள்ளங்கையால கற்பூரத்த அணைச்சாரு. "அவ பாடற மேடைக்கு முன்னாடி நான் உக்கார மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டாரு.

— அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் என்கிட்ட பேச்சு இல்ல அண்ணா. பொங்கலுக்கு ஊட்டுக்கு வந்தா, "சின்னப்பொண்ணு, அவள சாப்பிடச் சொல்லு"ன்னு அம்மாகிட்டதான் சொல்லும். நான் எதிர்ல குந்தினு இருப்பேன். பஸ்ஸுக்குக் கெளம்புனா, "அப்பாவு, அவளுக்குக் கருவாடு கட்டிக் குடு"ன்னு மாமாகிட்ட சொல்லும். மூணு பொங்கலு போயிடுச்சு.

— கருவாடு குடுத்தாருல்ல? நெறைய கோவம் இருக்கறவரு கருவாடு குடுக்க மாட்டாரு.

— குடுத்துச்சு. எனக்குக் கருவாடு வேணாம் அண்ணா. ஒரே ஒரு வாட்டி நான் பாடறத அது கேக்கணும். கேட்டுட்டு நல்லா இல்லன்னு திட்டினாக்கூட போதும். அதுக்காகத்தான் அந்தப் பாட்ட எடுத்தேன். அது கோயில் பக்கம்கூட வராதுன்னா நான் யாருக்குப் பாடறேன்?

— ஏன், எனக்குப் பாடு. உங்க அம்மா முன் வரிசைல பாய் போட்டு எடம் புடிச்சு வெச்சிருக்கு, அதுக்குப் பாடு. அங்காளம்மா கெழவிக்கு ரெண்டு காதும் டமாரம், அதுகூட வரேன்னு சொல்லியிருக்கு.

— போ மாமா.

— சத்தியம் பண்ணது ஊருக்கு முன்னாடி புள்ள. அம்மனுக்குக் குடுத்த வாக்கு. மாமாவே நெனச்சாலும் அதத் தாண்ட முடியாது. தாண்டினா அப்புறம் அந்த ஆளு ஏரில எறங்குவாரா?

— நாங்க இப்படிக் கற்பூரம் எல்லாம் அணைக்கறது இல்ல. ஆனா மேரிகிட்ட ஒரு வாட்டி இனிமே உன் கொழம்பக் கொறை சொல்ல மாட்டேன்னு... ஐயோ! என்னங்க அது? ஏசப்பா!

— மாமா!

— ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. குந்துங்க ரெண்டு பேரும். பொட்டியப் புடி வாத்தியாரே.

— இடிச்சுது! படகு நின்னுடுச்சு!

— மேட்டுல ஏறிக்கிச்சு. அவ்ளோதான்.

— மேட்டுலயா? மாமா, நீயா? கண்ண மூடிக்கினு தாண்டுவேன்னு இப்பதான சொன்ன?

— அதான் தப்பு. பேச்சு சொவாரசியத்துல கண்ண தொறந்து வெச்சுக்கினு ஓட்டிட்டேன்.

— தமாசா இது? பொழுது போயி இருட்டிக்கினு வருது. அங்க மைக்க வெச்சுக்கினு அருணகிரி அண்ணன் "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்"னு கத்திக்கினு இருக்கும். எறங்கித் தள்ளு மாமா.

— பியானோ வெயிட்டுக்கு நான் ஒருத்தன் தள்ளி நவுருமா? முகத்துவாரத்துலருந்து தண்ணி ஏறி வரும் இப்ப. ஏறினா படகு தானா எழுந்துக்கும்.

— எவ்வளவு நேரங்க ஆகும்?

— ஒரு பீடி, அதுக்கு மேல இன்னொரு பீடி.

— ஏங்க, இந்தப் பக்கம் என்னமோ டொக்கு டொக்குனு இடிக்குது. கம்பு மாதிரி இருக்கு.

— பழைய வலைக் கம்பா இருக்கும். எவனோ புடுங்காம வுட்டுட்டுப் போயிருப்பான். நீ அத நோண்டாத.

— கூவிக் கூப்பிடு மாமா. யாராச்சும் வருவாங்க.

— திருவிழா அன்னிக்கு ஏரில எவன் இருப்பான்? சும்மா குந்தினு இருக்கறதுக்கு அந்தப் பாட்ட ஒரு வாட்டி பாடிப் பாரேன். கால் நடுங்குதுன்னியே, இங்க யாரு இருக்கா உன்னப் பாக்க? நானு, வாத்தியாரு, நாலு நண்டு.

— நல்ல யோசனைங்க! ஒரு ரிகர்சல் ஆச்சு. மணி, இந்தத் தார்பாய அவுரு. ... நல்ல வேளை, நனையல. இரு, ஒரு ஓட்டு ஓட்டிப் பாக்கறேன்.

— யப்பா! ஷோக்கா கீதே வாத்தியாரே! தண்ணி மேல எங்கியோ போவுது சத்தம்.

— சொவரு இல்ல, கூரை இல்ல. எங்க சர்ச்சுலகூட இப்படிக் கேட்டதில்ல. மணி, நீ இந்தப் பக்கம் வந்து நில்லு.

— அந்தப் பக்கம் வேணாம் புள்ள, படகு சாயும். இப்படி, இருட்டப் பாத்து நில்லு. அக்காங், அப்படித்தான். எங்க மொகத்தப் பாத்தா உனக்கு சிரிப்பு வரும்.

— அண்ணா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. மூணாவது அடியில நீயும் ஓட வேணாம், நானும் வெள்ளிக் கிண்ணம் பாடல. ரெண்டு பேரும் சும்மா இருப்போம்.

— சும்மாவா? பாட்டு நடுவுல?

— ஒரே ஒரு கட்டைய அழுத்திப் புடிச்சுக்கினு நில்லு. சுருதி மட்டும் இருக்கட்டும். நைனா முணுமுணுக்கற எடம் அது. அது எடமாவே இருக்கட்டுமே.

— என் விரல் துடிக்குமே மணி.

— துடிக்கட்டும். எனக்குக் கால் நடுங்கலயா?

— செரி. நீ ஆரம்பி. நான் பக்கத்துலயே வரேன். முன்னாடி ஓடல, ஏசு மேல ஆணை.

— "வாடி மடவ மீனே, வலையோரம் வா...
வத்திப்போன தண்ணியில வழி கேட்டு வா..."

— ...

— "எண்ணெய் காஞ்ச சட்டி மேல எகிறிக்கினு வா..."

— அடேங்கப்பா!

— எப்படிங்க? அப்பாவு, எப்படி இருந்துச்சு? நான் முன்னாடி ஓடலல்ல?

— ஓடல வாத்தியாரே. புள்ள, உனக்குக் கொரலு இவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியாது. அந்த நடுவுல ஒண்ணுமே இல்லாம நின்னீங்களே, அப்ப எனக்கு இங்க, நெஞ்சுல, இன்னாமோ ஆயிடுச்சு.

— எனக்கும்தான் மாமா. கத்தாமலே பாடிட்டேன். அண்ணா, நீ கூடவே வந்த. மெய்யாலுமே கூடவே வந்த.

— இப்பவாவது ஒத்துக்கறியா, பியானோ பக்கத்துல நடக்கும்னு?

— இன்னிக்கு மட்டும் ஒத்துக்கறேன். நைனா மட்டும் இத...

— இன்னொரு வாட்டி பாடு புள்ள.

— ஏன் மாமா? தண்ணி ஏறிடுச்சா பாரு மொதல்ல.

— ஏறல. நீ பாடு. இன்னும் கொஞ்சம் நிமிந்து, அந்த இருட்டுக்கே கேக்கற மாதிரி.

— வா மணி, இன்னொரு தடவை. நானே கேக்கணும்னு இருந்தேன். ம்.

— "வாடி மடவ மீனே, வலையோரம் வா...
வத்திப்போன தண்ணியில வழி கேட்டு வா..."

— "என் ஊட்டுச் சின்னப்பொண்ணு கோவம் தீர வா..."

— ஏசப்பா! யாரு அது? தண்ணிக்குள்ளருந்து யாரோ பாடறாங்க!

— கைய எடுக்காத அண்ணா! நிறுத்தாத! நீ நிறுத்தினா அதுவும் நிறுத்திக்கும். "எண்ணெய் காஞ்ச சட்டி மேல... எகிறிக்கினு..." ஐயோ, எனக்கு வரல. அண்ணா, எனக்குப் பாட்டு வரல.

— அழாத மணி. நான் வாசிச்சுக்கிட்டே இருக்கேன். நீ மெதுவா வா.

— ஆஹா! இத்தினி வருசமா வாய்க்குள்ள போட்டு மென்னது எங்க அக்கா பேரா? சின்னப்பொண்ணு! இரு, கரைக்குப் போனதும் மொதல்ல அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் மறு வேலை!

— நைனா! எங்க கீற? தோ கீறியே! இடுப்பளவுத் தண்ணியில இருட்டுல நின்னுக்கினு இன்னா பண்ற? வடக்கால வலை கட்டியிருக்கன்னு மாமா சொல்லுச்சே!

— டேய் அப்பாவு! மேட்டுல ஏத்தி நிறுத்துடான்னு சொன்னா என் வலை மேலயாடா ஏத்துவ? செரி, கிழிஞ்சது கிழிஞ்சிட்டுப் போவட்டும். அவகிட்ட சொல்லு, மேடைக்கு முன்னாடி உக்கார மாட்டேன்னுதான் நான் கற்பூரம் அணைச்சேன், தண்ணில நின்னு கேக்க மாட்டேன்னு அணைக்கல. மொதல்லருந்து இன்னொரு வாட்டி பாடச் சொல்லு, கேட்டுட்டுத் தள்ளி வுடறேன்.